திறமையா, அதிர்ஷ்டமா? – பீட்டில்ஸை முன்வைத்து

போன மாதம் ஒரு மாணவர் விடுதியில் வாசிப்பு வட்டக் கூட்டம். முடிஞ்ச பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு அறையில உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தோம். சுவரில் அம்பேத்கர் படம். பக்கத்திலேயே நாலு வெள்ளைக்காரப் பையன்கள் வரிசையாகத் தெருவைக் கடக்கிற படம். பீட்டில்ஸ். அறைக்காரத் தம்பி கிதார் வாசிக்கிறவன். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய கிதார், அதில் ஒரு கம்பி இல்லை.

பேச்சு எங்கெங்கோ போய் இடஒதுக்கீட்டில் வந்து நின்றது. "திறமை இருந்தா எவனாலயும் தடுக்க முடியாதுண்ணே" என்றான் அவன். "இவங்களப் பாருங்க. பஸ் டிரைவர் மகன், பஞ்சு வியாபாரக் கம்பெனியில வேலை பார்த்தவரோட மகன். சாதாரண வீட்டுப் பசங்க. உலகத்தையே ஆட்டி வச்சாங்க." மூலையில் படுத்திருந்த இன்னொருத்தன் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான்: "திறமையாவது மண்ணாவது. எல்லாம் அதிர்ஷ்டம்டா. நேரம் கூடி வந்துச்சு, அவ்வளவுதான்."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மோதிக்கொண்டார்கள். அப்புறம் கிதார் தம்பி ஒன்று சொன்னான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "நானும் ரெண்டு வருசமா ஆர்கெஸ்ட்ரா ஆர்கெஸ்ட்ராவா ஏறி இறங்குறேன். ஒண்ணும் நடக்கல. எங்கிட்ட அது இல்ல போலண்ணே."

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. "அப்படியெல்லாம் இல்லடா" என்று முதுகைத் தட்டிவிட்டு வந்துட்டேன். அது பதிலாகாது. ரெண்டு பேருமே சாட்சிக்கு இழுத்தது அந்த நாலு பேர் கதையை. அதனால் அந்தக் கதைக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். அவர்களிடம் திறமை இருந்தது. அதை மறுத்துப் பேசுகிற வாதம் நமக்கு வேண்டாம். 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில், லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். முதல் இசைத்தட்டில் பெரும்பகுதி அந்த ஒரு நாள் உழைப்பு. கடைசிப் பாட்டுக்கு வரும்போது ஜான் லெனனுக்குச் சளி பிடித்துத் தொண்டை கிழிந்த நிலை. அந்தக் கிழிந்த தொண்டையோடு முதல் முறை பாடியதே இசைத்தட்டில் ஏறியது. அது பயிற்சி இருக்கிறவனால் மட்டும் முடிகிற காரியம்.

பயிற்சி எங்கே கிடைத்தது? ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில். 1960 ஆகஸ்ட்டில் லிவர்பூலிலிருந்து அங்கே போனார்கள். இந்திரா என்ற விடுதியில் 48 இரவு, கைசர்கெல்லரில் 58 இரவு. அடுத்த வருடம் டாப் டென் விடுதியில் 92 இரவு. ஆக 198 இரவு. தொடக்கத்தில் வார நாளில் நாலரை மணி நேரம், வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் மேடையில் நிற்கணும். தங்கியது ஒரு சினிமாக் கொட்டகையின் பின்பக்கம், கக்கூஸை ஒட்டிய இருட்டு அறையில். குடிகாரர்களையும் மாலுமிகளையும் மேடைப் பக்கம் திருப்ப வேண்டும் என்றால் கத்தணும், ஆடணும், நூற்றுக்கணக்கான பாட்டு கைவசம் வேண்டும். இசைக்குழு வார்ப்பானது அங்கேதான்.

சரி, உழைப்பு. ஆனா ஒரு கேள்வி. லிவர்பூல் பையன்களுக்கு ஹாம்பர்க் போகிற வழியை யார் காட்டினார்கள்?

இங்கேதான் கதையில் வழக்கமாக விட்டுப்போகிற ஆட்கள் வருகிறார்கள். லிவர்பூலில் ஆலன் வில்லியம்ஸ் என்பவர் ஜக்கராண்டா என்று ஒரு காபி கிளப் வைத்திருந்தார். அங்கே கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பர்களின் ஸ்டீல் பேண்ட் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் பீப்பாயை வெட்டித் தட்டிச் செய்கிற வாத்தியம் அது. 1880களில் ட்ரினிடாடில் ஆங்கிலேய அரசு தோல் மேளத்தை ஒடுக்கியது. ஒடுக்கியபின் அந்த மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள், அதன் பிறகு தகரத்தைத் தட்டினார்கள். அப்படிப் பிறந்த இசை. அந்த ஸ்டீல் பேண்ட்காரர்கள்தான் முதலில் ஹாம்பர்க் போய், இங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று வில்லியம்ஸுக்குத் தகவல் அனுப்பியவர்கள். வில்லியம்ஸ் தன் கூட்டாளியோடு ஹாம்பர்க் போய் விடுதி முதலாளியைப் பார்த்தார்.

அந்தக் கூட்டாளி ஹெரால்ட் பிலிப்ஸ். லார்ட் உட்பைன் என்று பேர் வைத்துக்கொண்ட ட்ரினிடாட் கலிப்ஸோ பாடகர். 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் இங்கிலாந்துக்கு வந்து இறங்கியவர். உட்பைன் என்பது அன்றைக்குத் தொழிலாளிகள் பிடித்த மலிவு சிகரெட்டின் பேர். அந்தப் பேருக்கு முன்னால் 'பிரபு' என்று போட்டுக்கொண்டார் பாருங்கள், அது நம்ம ஆட்கள் செய்கிற நக்கல் மாதிரியே இருக்கிறது. இந்தப் பையன்களுக்கு யாரும் மேடை தராத காலத்தில் உட்பைனும் வில்லியம்ஸும் நடத்திய கிளப்பில் வாசித்தார்கள். 1960 ஆகஸ்ட்டில் ஹாம்பர்க் போன வேனில் அவரும் இருந்தார். போகிற வழியில் ஹாலந்தின் ஆர்னம் ஊரில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. பால் மெக்கார்ட்னி இருக்கிறார், ஜார்ஜ் ஹாரிசன் இருக்கிறார், உட்பைனும் இருக்கிறார். புகைப்படத்தில் இருக்கிறவர், பீட்டில்ஸைப் பற்றி எழுதப்பட்ட பல கதைகளில் இல்லை. 2000இல் வீட்டில் பிடித்த தீயில் மனைவியோடு இறந்துபோனார்.

'பீட்டில்ஸுக்கு ஹாம்பர்க் கிடைத்தது அதிர்ஷ்டம்' என்று எழுதுகிறவன் என்ன செய்கிறான்? உட்பைன் பேரை எழுத வேண்டிய இடத்தில் 'அதிர்ஷ்டம்' என்று எழுதுகிறான்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும். அதிர்ஷ்டம் வடசொல். அ-திருஷ்டம். காணப்படாதது என்று பொருள். 'இல்லாதது' என்று பொருளில்லை, 'காணப்படாதது'. அப்படியானால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. யார் கண்ணுக்குக் காணப்படாதது? மாடியில் நிற்கிறவனுக்கு அஸ்திவாரம் தெரியாது. அஸ்திவாரத்தில் கல் சுமந்தவனுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான். ஒரு வெற்றிக்குள் இருக்கிற அதிர்ஷ்டத்தில் பாதிக்கு மேல், கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்பட்ட மனிதர்களும் சட்டங்களும்தான்.

சட்டம் என்று ஏன் சொல்கிறேன்? இங்கிலாந்தில் பதினெட்டு வயதான ஆண்பிள்ளைகள் கட்டாய ராணுவ சேவைக்குப் போகணும், ரெண்டு வருடம். அதை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 1957இல் அரசு அறிவித்தது. 1939 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களைக் கூப்பிடவில்லை. ரிங்கோ ஸ்டார் பிறந்தது 1940 ஜூலை, லெனன் 1940 அக்டோபர், மெக்கார்ட்னி 1942, ஹாரிசன் 1943. நாலு பேரும் தப்பித்தார்கள். பழைய சட்டமே இருந்திருந்தால் ஒருத்தன் பாசறையிலிருந்து திரும்பும்போது அடுத்தவன் உள்ளே போயிருப்பான். இசைக்குழு எங்கே நிற்கும்?

1944இல் வந்த கல்விச் சட்டத்தால் அரசு உயர்நிலைப் பள்ளியில் கட்டணம் இல்லை. மெக்கார்ட்னியும் ஹாரிசனும் படித்தது அப்படி ஒரு பள்ளி. ரெண்டு பேரும் பழகியது அந்தப் பள்ளிக்குப் போகிற பஸ்ஸில். லெனன் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். 1948இல் இலவச அரசு மருத்துவம் வந்தது. ரிங்கோ, டிங்கில் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதிக்காரர். பதிமூன்று வயதில் காசநோய். மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். படுத்துக் கிடக்கிற பிள்ளைகளுக்குப் பொழுதுபோக அங்கே தாளம் தட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். டிரம் மேல் அவருக்கு ஆசை பிறந்தது அங்கேதான். சீக்கு வந்ததை அதிர்ஷ்டம் என்பீர்களா? சீக்கு எல்லாச் சேரியிலும்தான் வருகிறது. சீக்காய்க் கிடந்த ஏழைப் பிள்ளைக்குக் கட்டிலும் மருந்தும் கையில் ஒரு தாளக்குச்சியும் கொடுத்தது ஒரு சமூக ஏற்பாடு. தொழிலாளி வர்க்கம் போராடி வாங்கிய ஏற்பாடு.

'சாதாரண வீட்டுப் பசங்க தானா மேல வந்தாங்க' என்கிற வாக்கியத்தில் 'தானா' என்ற சொல் இப்போது நிற்குமா, சொல்லுங்கள்.

அடுத்து மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன். பெரிய கடைக்காரக் குடும்பம். இசைத்தட்டு விற்கிற பகுதியைப் பார்த்துக்கொண்டவர். 1961 நவம்பர் 9 அன்று கேவர்ன் என்ற நிலவறைக் கிளப்பில் இவர்கள் வாசிப்பைக் கேட்டார். 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா கம்பெனியில் சோதனை வாசிப்பு. டெக்கா வேண்டாம் என்றது. லண்டனுக்குப் பக்கத்திலேயே இருந்த வேறொரு குழுவை எடுத்துக்கொண்டது. மற்றக் கம்பெனிகளும் கையை விரித்தன. எப்ஸ்டீன் விடவில்லை. பார்லபோன் கம்பெனியில் ஜார்ஜ் மார்ட்டின் கடைசியில் ஒத்துக்கொண்டார். அது நகைச்சுவைத் தட்டுகளுக்குப் பேர்போன சின்ன நிறுவனம். டெக்கா நிராகரித்ததும் மார்ட்டின் எடுத்ததும் அதே ஆண்டில், அதே ஆட்களைத்தான். அந்தச் சில மாதத்தில் அவர்கள் திறமை வானத்திலிருந்து கொட்டிவிடவில்லை. கதவு ஒன்று மூடினால் அடுத்த கதவைத் தட்டவும், அதற்கு ரயில் ஏறவும், நல்ல சட்டை போட்டுக்கொண்டு பெரிய இடத்தில் காத்திருக்கவும் வசதியுள்ள ஒருவர் கூட இருந்தார்.

இதே 1962 ஆகஸ்ட்டில்தான் அவர்களுடைய டிரம்மர் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டார். ஹாம்பர்க் இரவுகளில் கூட நின்றவர். பிற்பாடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசு ஊழியராகப் பல ஆண்டு வேலை பார்த்தார். அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 'அதிர்ஷ்டம்' என்று கத்திய அந்த மூலைத் தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே என்று தோன்றுகிறது. இருக்கிறது. அதையும் மறைக்க வேண்டாம். 2006இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பதினாலாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள். கேட்கிறவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, மற்றவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் காட்டினார்கள். ஒரு உலகத்தில் உச்சிக்குப் போன பாட்டு இன்னொரு உலகத்தில் கீழே கிடந்தது. மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பது அபூர்வம், மிக மோசமான பாட்டு ஜெயிப்பதும் அபூர்வம். நடுவில் எதுவும் நடக்கலாம். நாலு பேர் கேட்கிறான் என்றால் நாற்பது பேர் கேட்கிறான். கூட்டம் கூட்டத்தை இழுக்கிறது.

அதனால் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டு. ஆனால் அதிர்ஷ்டம் முழுக்கக் குருடும் இல்லை. அது ஆள் பார்த்து, தெரு பார்த்து, தோல் பார்த்து நடக்கும். அதற்கு லிவர்பூலிலேயே சாட்சி இருக்கிறது.

லிவர்பூல், பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றி விற்ற வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம். அங்கே டாக்ஸ்டெத் என்கிற பகுதி, கறுப்பு மக்கள் பல தலைமுறையாக வாழ்கிற இடம். அந்தப் பகுதியின் ஐந்து கறுப்பு இளைஞர்கள் சேர்ந்த பாடற்குழு 'த சாண்ட்ஸ்'. 1962 நவம்பரில் கேவர்ன் மேடையில் அவர்கள் பாட, பீட்டில்ஸே பின்னணி வாசித்தார்கள். அவர்கள் குரலில் அசந்துபோய்ச் செய்த காரியம். எப்ஸ்டீனும் கொஞ்ச காலம் அவர்களுக்கு மேனேஜராக இருந்தார். 1963இல் இசைத்தட்டும் வந்தது. அந்த டிசம்பரில் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் நாலு பேரும் சாண்ட்ஸின் பாட்டுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதே ஊர், அதே மேடை, அதே மேனேஜர், அதே வருடம், உலகப் புகழ் பெறப்போகிற நாலு பேரின் சிபாரிசு. ஒரு தட்டுகூட விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை. அந்தக் குழுவின் எடி அமூ பதிமூன்று வருடம் கழித்து, 1976இல், தம்பியோடு 'த ரியல் திங்' குழுவில் பாடித்தான் இங்கிலாந்தின் முதலிடத்தைத் தொட்டார். திறமை 1963இலும் அவர் தொண்டையில்தானே இருந்தது?

டெர்ரி வில்கி என்ற கறுப்புப் பாடகரின் குழு, பீட்டில்ஸுக்கு முன்பே, 1960 கோடையிலேயே ஹாம்பர்க் போனது. அதே மேடை, அதே குடிகாரக் கூட்டம், அதே உழைப்பு. அவர் பேரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

இன்னொன்று. பீட்டில்ஸின் முதல் தட்டில் பதினாலு பாட்டு. அதில் ஆறு மற்றவர்கள் எழுதியது. அந்த ஆறில் ஐந்தாவது அமெரிக்கக் கறுப்புப் பாடகர்கள் ஏற்கெனவே பாடி வெளியிட்டவை. 'அன்னா' என்ற பாட்டை எழுதிப் பாடிய ஆர்தர் அலெக்சாண்டர் அலபாமாக்காரர். பின்னாளில் கிளீவ்லாந்து நகரத்தில் பஸ் ஓட்டினார். 1993இல் மறுபடி ஒரு தட்டு வெளியிட்டு, அந்த வருடமே இறந்துபோனார். பஸ் டிரைவர் மகன் பாடகனாகி உலகத்தை ஜெயித்த கதையைத் தம்பி சொன்னான். பாடகர் பஸ் டிரைவரான கதையையும் சேர்த்துச் சொல்லணும். அமெரிக்காவில் பெரிய கம்பெனி இவர்களை வேண்டாம் என்று தள்ளியபோது, 1963 பிப்ரவரியில் இவர்கள் தட்டை வெளியிட்டது வீ-ஜே என்ற, கறுப்பர்கள் நடத்திய சிகாகோ கம்பெனி. அடுத்த வருடம் பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் 7 கோடியே 30 லட்சம் பேர் பீட்டில்ஸைப் பார்த்தார்கள். வீ-ஜே 1966இல் திவாலானது.

அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மனிதனின் ஆற்றல் மூன்றைப் பொறுத்தது: உடம்போடு வருகிற பரம்பரை, சமூகம் தருகிற சொத்தாகிய வளர்ப்பும் கல்வியும், அப்புறம் சொந்த முயற்சி. முதல் ரெண்டில் சமமில்லாதவர்களை ஒரே பந்தயத்தில் ஓடவிட்டால் ஜெயிக்கிறவன் சலுகை பெற்றவன். அதைத் திறமைசாலியைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். அவர் மூன்றாவதை, முயற்சியை, மறுக்கவே இல்லை. ஹாம்பர்க் இரவுகளை நாமும் மறுக்கவில்லை. மூன்றாவதைக் காட்டி முதல் ரெண்டை மறைப்பதைத்தான் மறுக்கிறோம்.

வள்ளுவர் 'ஊழ்' என்று ஒரு அதிகாரம் எழுதினார், 'ஆள்வினையுடைமை' என்றும் ஒன்று எழுதினார். ரெண்டையும் வைத்துப் பட்டிமன்றம் நடத்தியே நம்ம காலம் போயிருச்சு. ஊழ் பெரிசா, முயற்சி பெரிசா? இந்தப் பட்டிமன்றத்தில் எந்தக் கட்சி ஜெயிச்சாலும் நமக்குத் தோல்விதான். 'எல்லாம் திறமை' என்றால், மேலே வராதவனெல்லாம் திறமையில்லாதவன் என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறான். 'எல்லாம் அதிர்ஷ்டம்' என்றால், அது தலையெழுத்தின் புதுப் பேர். முன்ஜென்ம வினை என்று நம்ம தாத்தாக்களை உட்கார வைத்த அதே பாய். யாரும் பொறுப்பில்லை, எதையும் மாற்ற முடியாது.

ஜெயித்தவனுக்கு என்ன கடமை என்ற கேள்வியும் இருக்கிறது. இதில் அந்த நாலு பேரும் நாணயமாகவே இருந்தார்கள் என்பேன். யாரிடம் கற்றோம் என்று லிட்டில் ரிச்சர்ட், சக் பெர்ரி பேர்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1964 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்தில், கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைத்தால் வாசிக்கமாட்டோம் என்று சொல்லி, பிரிக்காத கூட்டத்தின் முன் வாசித்தார்கள். கடன்பட்டவன் கடனை ஒத்துக்கொள்வது முதல் ஒழுக்கம். ஆனா ஒத்துக்கொள்வதால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது. உட்பைனுக்கும் அலெக்சாண்டருக்கும் அது போய்ச் சேரவில்லை. ஏனென்றால் அது நாலு பேர் நல்லவர்களாக இருந்து தீர்க்கிற கணக்கில்லை.

அந்தக் கிதார் தம்பியின் தாத்தாவை எனக்குத் தெரியும். பறையடித்தவர். அவர் குச்சி பேச ஆரம்பித்தால் ஊர்த் தெருக்காரனும் நின்று கேட்பான். அந்தக் கையை ஒருத்தன்கூடத் 'திறமை' என்று சொன்னதில்லை. "அது அவனுங்க தொழிலு" என்று சொன்னார்கள். செத்தவன் வீட்டில் தூரமாக நிற்க வைத்து, படியரிசி போட்டார்கள். எதைத் திறமை என்று கூப்பிடுவது என்பதையே முடிவு செய்கிற அதிகாரம் ஒரு பக்கம் இருக்கும்போது, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி பாதிக் கேள்விதான்.

தம்பி, உனக்குப் பதில் இதுதான். ரெண்டு வருடம் கதவு திறக்கவில்லை என்பது உன் கையைப் பற்றிய தீர்ப்பாகாது. அதற்காக உன் கை ஏற்கெனவே பழுத்துவிட்டது என்றும் பொய் சொல்லமாட்டேன். அவர்களுக்கு 198 இரவு தேவைப்பட்டது. உனக்கும் தேவைப்படும். அந்த 198 இரவை வாசிக்க ஒரு மேடை வேண்டும், ஒரு வேன் வேண்டும், வழி காட்ட ஒரு உட்பைன் வேண்டும், சீக்கு வந்தால் கட்டில் வேண்டும், படிப்பு நிற்காமல் இருக்க உதவித்தொகை வேண்டும். இதெல்லாம் யாருக்குத் தானாகக் கிடைக்கிறதோ அவர்கள் அதை அதிர்ஷ்டம் என்கிறார்கள். கிடைக்காத நாம் அதை உரிமை என்று கேட்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கிதாருக்கு ஒரு கம்பி வாங்கிக்கிட்டு வரேன். வாசி. நாங்க உட்கார்ந்து கேட்கிறோம்.